கோணல் மட்டை

போன செவ்வாய்க்கிழமை மதினி உம்முடைய கோல்ஃப் பையை என்னிடம் கொடுத்துவிட்டார். "கதவுக்குப் பின்னால இது நிக்கிறதப் பாத்தா அவுகளே நிக்கிற மாதிரி இருக்கு. நீங்க கொண்டு போயிருங்க. அந்தப் பெரிய மட்டைய மட்டும் வச்சுக்கிடுதேன், பேரன் வந்தா கேப்பான்" என்றார். கட்கியிலிருந்து ஹடப்சர் வரைக்கும் ஆட்டோவில் அதை மடியில் கிடத்திக்கொண்டு வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக இரண்டு முறை பார்த்துவிட்டு இது என்ன ஆட்டம் என்று இந்தியில் கேட்டார். சொன்னதும் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என் செருப்பைப் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பையின் பக்கவாட்டுப் பையைத் திறந்தேன். தலைவலித் தைலமும் வறுத்த கடலையும் கலந்த வாசனை அடித்தது. அது உம்முடைய வாசனை. நீர் போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது, அந்த ஜிப்புக்குள் மட்டும் நீர் போகவில்லை. நான் ஜிப்பை மூடினேன். பிறகு மறுபடியும் திறந்தேன்.

உள்ளே ஒரு கையுறை, பந்தை நிறுத்தி வைக்கிற டீ ஆணிகள் உடைந்தது ஏழெட்டு, தோல் உரிக்காத கடலை நாலு. அடியில் ஒற்றைக் காலுறை ஒன்று, பழுப்பு நிறம், வாய்ப்பக்கம் முடிச்சுப் போட்டு. முடிச்சை அவிழ்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு சின்னத் திருப்புளி. டி வடிவத்தில் பிடி, நுனி நட்சத்திரம் மாதிரி. எதற்கு என்று புரியவில்லை. தையல் மிஷினுக்கு உள்ளதோ என்று பார்த்தேன். என் மனைவி வாங்கிப் பார்த்து, "குக்கர் கைப்பிடி முடுக்குததா இருக்கும்" என்றாள். கோல்ஃப் பைக்குள் எதற்குக் குக்கர் திருப்புளி என்று கேட்டேன். "அண்ணாச்சி என்னத்ததான் வைக்க மாட்டாக" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் என் மட்டைகளைத் துடைக்க எடுத்தேன். டிரைவர் என்கிற அந்தப் பெரிய மட்டையைத் தலைகீழாகப் பிடித்தபோதுதான் கண்ணில் பட்டது. அதன் அடிப்பாகத்தில் இரண்டு திருகாணிகள் உண்டு, ஒரு ஓரத்தில் ஒன்று, மறு ஓரத்தில் ஒன்று. இத்தனை வருஷமாக அவை ஏதோ அழகுக்கு வைத்தவை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டின் தலையிலும் நட்சத்திரக் குழி. உம்முடைய திருப்புளியை வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்றைக்கு ஆறு நாள் ஆயிற்று. கேட்கலாம் என்றால் நீர் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலிருந்து வருகிறேன், அப்போதுதான் எனக்கே பிடிபடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாம் இரண்டு பேரும் மாற்றலாகிப் புனேயில் இந்தக் கட்கிக்கு வந்தோம். நான் தென்காசி, நீர் அம்பாசமுத்திரம், ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேஜை. நம்முடைய டைரக்டர் ஞாயிறு காலையில் கண்டோன்மென்ட் மைதானத்தில் கோல்ஃப் ஆடுவார். அரசாங்க அதிகாரி என்றால் நமக்கும் அங்கே இடம் உண்டு என்பதை மோப்பம் பிடித்து வந்தவர் நீர்தான். "வே, காலைல நடந்த மாதிரியும் ஆச்சு, மேலதிகாரி கண்ணுல பட்ட மாதிரியும் ஆச்சு" என்றீர். இரண்டே மாதத்தில் டைரக்டர் டில்லிக்குப் போய்விட்டார். நாம் மட்டும் மாட்டிக்கொண்டோம்.

நீர் இடது கைக்காரர். ஸ்டோர் ரூமில் எவனோ வெள்ளைக்காரன் காலத்து இடதுகை செட் ஒன்று சீந்துவாரில்லாமல் கிடந்தது. அதைக் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மரத்தலை போட்ட பழைய டிரைவர் ஒன்றும் வேறு சில்லறை மட்டைகளும் கிடைத்தன. உத்தியோகத்தில் நீர் எனக்கு மூன்று மாதம் சீனியர், அவ்வளவுதான் உம்முடைய தகுதி. ஆனால் ஒரு வசதி இருந்தது. என் எதிரே நீர் நின்று மட்டையைப் பிடித்தால், கண்ணாடியில் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். உம்முடைய இடது எனக்கு வலது. நீர் தோளை எங்கே கொண்டு போகிறீரோ அங்கே நானும் கொண்டு போவேன். "கண்ணாடியப் பாரும்வே" என்பீர். மைதானத்தில் இருந்த மேஜர்களும் கர்னல்களும் நம்மை வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு மதராஸிகள் எதிரெதிரே நின்று டான்ஸ் ஆடுவதாகப் பேச்சு என்று நமக்குப் பை சுமக்கிற 'கேடி' தத்து சொன்னார். தத்துவுக்கும் நம் வயதுதான். நம் இரண்டு பேர் பையையும் ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு, நம் தமிழைக் கேட்டுக்கேட்டு "என்னவே" என்று மட்டும் சொல்லப் பழகியிருந்தார்.

பன்னிரண்டு வருஷம் அப்படி ஓடியது. நான் பிரமாதமாக ஆடவில்லை, ஆனால் என் மரத்தலை மட்டை 'டொக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும், பந்து அதிகத் தூரம் போகாது, நேராகப் போகும். அது போதும் என்று இருந்தேன்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, உம் மகன் அமெரிக்காவிலிருந்து முதல் தடவை வந்தபோது இரண்டு டிரைவர்கள் கொண்டுவந்தான். உமக்கு இடதுகை, எனக்கு வலதுகை. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஜோடி. தலை என்றால் தலை, சின்னத் தேங்காய் அளவுக்கு இருந்தது. அதை நீர் என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தபோது உம் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. "எனக்கு மட்டும் கொண்டாரலவே, ஒமக்கும் சேத்துல்லா கொண்டாந்திருக்கான்" என்று மூன்று தடவை சொன்னீர். அட்டைப்பெட்டி இல்லை, குறிப்புத் தாள் இல்லை. விமானத்துக்காக எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டானாம்.

அந்த ஞாயிறு முதல் அடியிலேயே பந்து பறந்தது. நான் வாழ்நாளில் அடித்திராத தூரம். எவர்சில்வர் பாத்திரம் விழுந்த மாதிரி சத்தம். நீர் கை தட்டினீர். பந்து பாதி வழியில் என்ன நினைத்ததோ, வலது பக்கம் வளைந்தது, வளைந்துகொண்டே போய்ச் சுவரைத் தாண்டி ரயில் பாதைப் பக்கம் விழுந்தது. தத்து நிதானமாக, "உஜவீகடே" என்றார். வலது பக்கம் என்பதற்கு மராத்தி. அடுத்த ஆறு மாதத்தில் அந்த ஒரு வார்த்தையை நான் கேட்டது மாதிரி வேறு எந்த மராத்தி வார்த்தையையும் கேட்டதில்லை.

அதற்கு ஸ்லைஸ் என்று பேர் என்று நீர்தான் சொன்னீர். பேர் தெரிந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பிடி சரியில்லை என்றீர் நீர். இடது கையை இன்னும் மேலே திருப்பிப் பிடிக்கச் சொன்னீர். பிடித்தேன், பந்து வலது பக்கம் போனது. கால் வைக்கிற திசை தப்பு என்றார் தத்து. காலை மாற்றினேன், பந்து வலது பக்கம் போனது. புதுசாகப் போட்ட இரட்டைக் கண்ணாடிதான் காரணம் என்றாள் என் மனைவி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அடித்தேன். அன்று பந்து எந்தப் பக்கம் போனது என்றே எனக்குத் தெரியவில்லை. தத்து சொன்னார், "உஜவீகடே".

எதிரே நின்று நீர் கண்ணாடி காட்டுவதும் உதவவில்லை. உமக்கு அதே மாதிரி மட்டை, அதே மாதிரி வீச்சு, பந்து அம்பு மாதிரி போகிறது. கண்ணாடிக்குள் இருக்கிற ஆள் சரியாக அடிக்கிறான், வெளியே நிற்கிறவன் தப்பாக அடிக்கிறான் என்றால் நான் எங்கே போய்ச் சொல்ல?

பழைய மரத்தலை மட்டைக்குத் திரும்பியிருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. அதுதான் முடியவில்லை. உம் மகன் சுமந்து வந்த சாமானை உம் கண் முன்னாலேயே ஓரம் கட்ட எனக்கு மனசு வரவில்லை. உம் வீட்டில் சாப்பிடும்போது மதினி வேறு, "அவன் கொண்டாந்த மட்ட நல்லா இருக்கா?" என்று கேட்பார். "ஏ ஒன்" என்பேன். ஆறு மாதம் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு, வாரத்துக்கு நாலு பந்தை ரயில்வேக்குத் தானம் செய்துகொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிறு பழைய மட்டையையும் பைக்குள் செருகிக்கொண்டு வந்தேன். நீர் பார்த்துவிட்டீர். ஐந்தாவது குழியில் என் பந்து வழக்கம்போல வலது பக்கம் போனதும் நான் பழைய மட்டையை உருவினேன்.

"என்னவே, அத எதுக்கு எடுக்கீரு?" என்றீர்.

"பின்ன என்ன செய்யச் சொல்லுதீரு? ஆறு மாசமா பாக்கேன். எம் மேல தப்பு இல்லவே. ஒம்ம மவன் கொண்டாந்தது கோணல் மட்ட."

சொல்லி முடிக்கும் முன்பே தப்பு என்று தெரிந்தது. உம் முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டு சூட்கேசு கொண்டாரலாம்னாங்கவே. ஒண்ண விட்டுட்டு இந்த ரெண்டு மட்டையத் தூக்கிட்டு வந்தான்" என்றீர். பிறகு தத்துவின் தோளிலிருந்து உம் பையை நீரே வாங்கி மாட்டிக்கொண்டு, நாலு குழி பாக்கியிருக்க, கேட்டைப் பார்த்து நடந்தீர். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும். உச்சிவெயிலில் பழைய மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தத்து இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என் பையோடு உட்கார்ந்துவிட்டார்.

மூன்று ஞாயிறு நீர் வரவில்லை. நானும் போன் செய்யவில்லை. அலுவலகத்தில் பைல் தள்ளும்போது "இந்தாரும்" என்பீர், "சரி" என்பேன். என் வீம்பு எனக்கு. அந்த மூன்று வாரமும் தினம் சாயங்காலம் பீரோ கண்ணாடிக்கு முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு வீசிப் பார்த்தேன். கண்ணாடியில் என் மூஞ்சி தெரிவது பிடிக்கவில்லை, அங்கே நீர் நின்றுதான் பழக்கம். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

நாலாவது ஞாயிறு மைதானத்துக்குப் போனால், நீர் முதல் குழியின் டீ மேடையில் கடலை தின்றுகொண்டு நிற்கிறீர், ஒன்றும் நடக்காத மாதிரி. "வாரும்வே, வெயில் ஏறுது" என்றீர். நான் புது டிரைவரை எடுத்தேன். அடித்தேன். பந்து போனது, போனது, வளையவில்லை. நடு மைதானத்தில் விழுந்து உருண்டது. தத்து வாயைத் திறந்தார், சொல்ல வார்த்தை இல்லாமல் மூடினார். இரண்டாவதும் நேர். மூன்றாவது கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தது, ஆனாலும் மைதானத்துக்குள்தான்.

நீர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினீர். அந்த மாதிரி சந்தோஷம் உம் சொந்த அடிக்குக்கூட உமக்கு வந்து நான் பார்த்ததில்லை.

அப்போது நான் சொன்னது இன்றைக்கு வரைக்கும் என் காதில் இருக்கிறது. "யாரு சொல்லியும் இல்லவே. ஒம்ம உபதேசம், தத்து உபதேசம், எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு நானா சரி பண்ணினேன். மூணு வாரம். தனி ஆளா." நீர் சிரித்துக்கொண்டே, "அதான் வேணும்வே" என்றீர். பிறகு கேட் பக்கத்து டப்ரி டீக்கடையில் சாயும் வடாபாவும் நீரே வாங்கிக் கொடுத்தீர். நான் கோணல் மட்டை என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. பந்துதான் நேராகப் போய்விட்டதே, இனி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அதற்கு அப்புறம் அந்தப் பெருமையை நான் அடித்து ஆடிய கதை உமக்குத் தெரியும். ஊரிலிருந்து யார் வந்தாலும் சொன்னேன். என் ரிட்டயர்மென்ட் பார்ட்டியில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். நீர் முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தீர். ஆஸ்பத்திரியில் கடைசியாக நான் பார்த்த மத்தியானம், பேச மூச்சு வாங்கியது உமக்கு. ஆனாலும் கேட்டீர், "வே, பந்து நேராப் போகுதா?" "ஜம்முனு போகுது. யார் கைவண்ணம்?" என்று என் மார்பில் தட்டிக் காட்டினேன். நீர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர். நண்பன் பெருமையில் உமக்கும் பெருமை என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். திருப்புளி திருகாணியில் உட்கார்ந்ததும் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் மாறியது.

"ஏங்க, நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தீகள்லா, அப்ப ஒரு நா அண்ணாச்சி வந்தாக. நீங்க பேங்குக்குப் போயிருந்தீக. மட்டையக் கொஞ்சம் பாக்கணும் தங்கச்சின்னு பால்கனிக்குக் கொண்டு போயி ஏதோ முடுக்கிக்கிட்டு இருந்தாக. என்ன அண்ணாச்சின்னு கேட்டேன். அழுக்குத் தொடைக்கேம்மா, அவன்ட்ட சொல்லிராதன்னாக. சொன்னா நீங்க அதுக்கும் சண்டைக்குப் போவீகன்னு சொல்லல. பொறவு மறந்தே போச்சு."

அப்படியானால் நீர்தான் சரி செய்தீர். அவமானப்படுத்தியவன் வீட்டுக்கு, அவன் இல்லாத நேரம் பார்த்து வந்து, அவன் மட்டையைத் திருகிச் சரி செய்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறீர். அவன் நாலாவது ஞாயிறு உம் எதிரே நின்று தனி ஆளாகச் சரி பண்ணினேன் என்று நெஞ்சை நிமிர்த்துகிறான். நீர் அவனுக்கு வடாபாவ் வாங்கிக் கொடுக்கிறீர். ஆஸ்பத்திரியில்கூடச் சொல்லவில்லை. வெட்கம் என்று சொன்னால் சின்ன வார்த்தை.

மறுநாள் காலையில் என் டிரைவரையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு மதினியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், கோணல் மட்டை என்று சொன்னது உட்பட. "அது எனக்குத் தெரியும், அன்னைக்கே வந்து சொன்னாக. ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருந்தாக" என்றார். பிறகு உம் மகனுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். அவனுக்கு அங்கே சாயங்காலம்.

"ஆமா அங்கிள், அப்பா அப்போ கால் பண்ணாங்க" என்றான். புனேயிலேயே வளர்ந்த பிள்ளை, தமிழ் தட்டித் தடவித்தான் வரும். "அந்த ரெண்டு ஸ்க்ரூல ஒண்ணு வெயிட், ஒண்ணு லைட். வெயிட் உள்ளத, மட்டையோட கம்பி தலையில சேர்ற பக்கம் போட்டா ஸ்லைஸ் கொறையும். அப்பாவோடது கடையிலேர்ந்தே அப்படித்தான் வந்துச்சு. உங்களுக்கு எப்படிப் போடணும்னு கேட்டாங்க. அப்பா, உங்கள்துல இருக்கே, அதே மாதிரி போடுங்கன்னு சொன்னேன்."

போனை வைத்தேன். மதினி உம்முடைய டிரைவரை எடுத்து வந்தார். இரண்டையும் கைப்பிடி தரையில், தலை மேலே இருக்கும்படி, அடிக்கிற முகம் ஜன்னலைப் பார்க்க, சாப்பாட்டு மேஜையில் சாய்த்து வைத்தேன். கனமான திருகாணியில் பெரிய எண் பொறித்திருக்கிறது, எளிதில் தெரியும். உம்முடையதில் அது இடது ஓரத்தில் இருந்தது. என்னுடையதிலும் இடது ஓரத்தில் இருந்தது. சொன்ன சொல் தவறாமல் அதே மாதிரி போட்டிருக்கிறீர்.

ஆனால் வே, உம்முடையது இடதுகை மட்டை. அதில் இடது ஓரம் என்றால் கம்பிப் பக்கம். என்னுடையது வலதுகை மட்டை. அதில் இடது ஓரம் என்றால் கம்பிக்கு எட்டாத அந்தக் கடைசி. பந்தை இன்னும் வலது பக்கம் தள்ளுகிற இடத்தில் கொண்டுபோய்க் கனத்தை வைத்திருக்கிறீர். பன்னிரண்டு வருஷம் எனக்குக் கண்ணாடியாக நின்ற மனுஷன், அன்றைக்கு ஒரு நாள் கண்ணாடியை மறந்துவிட்டீர்.

நான் மதினிக்கு விளக்கினேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. இரண்டு கையையும் எதிரெதிரே வைத்துக் காட்டியதும் புரிந்தது. "அப்ப தப்பா முடுக்கிட்டாகளா?" என்றார். "தப்பாத்தான் முடுக்கியிருக்காரு மதினி." அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்தேன், அழுகையும் இருந்தது. "எங்கிட்ட வந்து சொன்னாக. அவன் மட்டைய நான் சரி பண்ணிட்டேன், பந்து நேராப் போவுது, அவன் தானாப் பண்ணினேன்னு குதிக்கான், குதிக்கட்டும், நீ வாயத் தொறந்துராதன்னாக. போற வரைக்கும் அந்தச் சந்தோஷம் அவுகளுக்கு இருந்துச்சு" என்றார்.

இங்கேதான் நான் நிற்கிறேன். மேலே போகத் தெரியவில்லை. மட்டை எனக்கு எதிராகத் திருகியிருக்க, பந்து எப்படி நேராகப் போனது? அப்படியானால் நான் அடித்த தம்பட்டம் நிஜம்தானா? குடையும் பீரோ கண்ணாடியும்தான் காரணமா? உம் மகனிடம் மறுபடி கேட்டேன். அந்தத் திருகாணியெல்லாம் கொஞ்சம்தான் வித்தியாசம் பண்ணும் அங்கிள், சில பேருக்கு ஒண்ணுமே பண்ணாது என்றான். தத்துவைக் கேட்டேன். மூன்று வாரம் சும்மா இருந்ததால் கை தளர்ந்து சரியாகிவிட்டது, வேறொன்றுமில்லை என்றார். என் மனைவியோ, "அண்ணாச்சி மறுபடி வந்து நின்னாகள்லா, அதான்" என்றாள். மூன்று பேர், மூன்று பதில். ஸ்லைஸ் வந்தபோதும் இப்படித்தான், போனதற்கும் இப்படித்தான்.

ஒரு நேரம் எனக்குத்தான் வெற்றி என்று தோன்றுகிறது. மறு நேரம், தப்பாகத் திருகினாலும் திருக வந்தது நீரல்லவா என்று தோன்றுகிறது. நீர் போகும்போது நீர்தான் சரி செய்தீர் என்று நம்பிக்கொண்டு போனீர், நான் நான்தான் என்று நம்பிக்கொண்டு உம் எதிரே நின்றேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததாக நினைத்தோமா, ஏமாற்றிக்கொண்டோமா, அதுவும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரிகிறது. வலிக்கிற மாதிரி ஒன்றைச் சொன்னவன் நான், படியேறி வந்தவர் நீர். அதற்கு ஒரு வார்த்தை சொல்லாமல் உம்மை அனுப்பிவிட்டேன்.

கிளம்பும்போது மதினி, "இப்பத்தான் தெரிஞ்சு போச்சே, சரியா மாத்தி முடுக்கிருங்களேன்" என்றார். நானும் திருப்புளியை எடுத்து வைத்துக் கால் சுற்று திருகினேன். திருகாணி லேசாகக் கிறீச்சிட்டது. அதைக் கடைசியாகத் தொட்ட கை உம்முடையதுதான் என்று ஞாபகம் வந்தது. அந்தக் கால் சுற்றைத் திரும்ப முடுக்கிவிட்டேன். "இருக்கட்டும் மதினி" என்றேன்.

நேற்று ஞாயிறு. தத்துவோடு போனேன். திருப்புளி அதே காலுறையில், அதே முடிச்சோடு, இப்போது என் பையில் இருக்கிறது. கடலை நாலை மட்டும் உம் பையின் ஜிப்புக்குள்ளேயே விட்டுவைத்தேன். முதல் பந்து வலது பக்கம் போய்ச் சுவரைத் தாண்டியது. தத்து ரொம்ப நாள் கழித்து அந்த வார்த்தையைச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. எதிரே நீர் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது பந்தை வைத்தேன், தோளை நீர் கொண்டு போகிற அளவுக்குக் கொண்டு போனேன்.

உம் மகன் கொண்டுவந்தது கோணல் மட்டை என்று அன்றைக்குச் சொன்னேன், மன்னித்துக்கொள்ளும். அன்றைக்கு அது கோணல் இல்லை. நீர் திருகின பிறகுதான் கோணல். அதை அப்படியேதான் வைத்திருக்கிறேன், இனியும் மாற்ற மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் நீர் கேட்டதற்கு நெஞ்சைத் தட்டிப் பதில் சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிடும். இப்போது நெஞ்சைத் தட்டாமல் சரியாகச் சொல்கிறேன்.

நேராப் போகுதுவே.